கூரை விழுந்த பின் வரும் ஆய்வு: வெள்ள நிவாரணமும் வீட்டுக் காப்பீடும் – ஒரு சட்ட வழிகாட்டி

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு எளிதில் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. இவை நாடு முழுவதும் செய்தியாயின. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் உள்ள பட்டியலின மக்களின் குடியிருப்புகளில் நடந்த சேதக் கணக்கெடுப்பு அவ்வளவாகச் செய்தியாகவில்லை.

அந்த நாட்களில் மனு எழுத உதவச் சென்ற ஒரு குடியிருப்பில் ஓர் அம்மையாரின் வீட்டைப் பார்த்தேன். மண்சுவரின் மேல் ஓடு வேய்ந்த வீடு. பின்சுவர் கரைந்து சரிந்ததில் உத்திரம் இறங்கி, ஓட்டுக்கூரை முழுவதும் வீட்டுக்குள் விழுந்து கிடந்தது. கணக்கெடுப்புக் குறிப்பில் அந்த வீட்டுக்கு எதிரே 'கூரை வீடு, சேதம்' என்று மட்டும் இருந்தது. "தம்பி, கூரை விழுந்துட்டுன்னுதான் சொன்னேன். அதைத்தான் அவுகளும் எழுதிருக்காவ" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் வருவாய்த்துறை வழக்கில் 'கூரை வீடு' என்றால் ஓலைக் குடிசை. ஓட்டு வீடு முழுமையாக இடிந்தது என்று எழுதப்பட வேண்டிய இடத்தில் குடிசை என்று எழுதப்பட்டதால், அவருக்குரிய தொகை ₹1,20,000 என்பதிலிருந்து ₹8,000 ஆகச் சுருங்கும் நிலை ஏற்பட்டது.

இக்கட்டுரை சொல்ல விரும்புவது இதுதான்: இழப்பீட்டின் அளவு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, அது நம் கைக்கு வருமா என்பது ஆய்வு நாளில் எழுதப்படும் சில சொற்களில் இருக்கிறது. அரசு நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தாலும், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சர்வேயர் வந்தாலும் இது பொருந்தும். களத்தில் நிற்கும் தோழர்களும் மாணவர்களும் அந்த நாளுக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அரசு நிவாரணம்: எந்தச் சொல்லுக்கு எவ்வளவு

பேரிடரில் வீடு இழந்தவர்க்கு வழங்கப்படும் தொகை, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் கீழ் அமைந்த மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. 2022-26 காலத்துக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் வகுத்த விதிமுறைப்படி, சமவெளிப் பகுதிகளுக்கான தொகைகள் பின்வருமாறு:

1. முழுமையாக இடிந்த அல்லது கடுமையாகச் சேதமடைந்த வீடு, பக்கா வீடாயினும் கச்சா வீடாயினும்: ₹1,20,000. மலைப்பகுதியில் ₹1,30,000.
2. குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த பக்கா வீடு: ₹6,500.
3. குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த கச்சா வீடு: ₹4,000.
4. சேதமடைந்த அல்லது அழிந்த குடிசை: ₹8,000.
5. வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகை: ₹3,000.
6. வீட்டை இழந்த குடும்பத்துக்கும், இரண்டு நாட்களுக்கு மேல் வீடு கடுமையாக நீரில் மூழ்கியிருந்த குடும்பத்துக்கும்: துணிமணிகளுக்கு ₹2,500, பாத்திரங்களுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் ₹2,500.

மாநில அரசு தன் நிதியிலிருந்து இதற்கு மேலும் வழங்கலாம். 2023 வெள்ளத்தின்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு ₹6,000 வழங்கப்பட்டது அத்தகையது. ஆகவே ஒவ்வொரு பேரிடரின்போதும் அதற்கென வெளியாகும் அரசாணையைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்பட்டியலில் இரண்டு எல்லைக்கோடுகள் முக்கியமானவை. முதலாவது, குடிசைக்கும் கச்சா வீட்டுக்கும் இடையிலுள்ளது. விதிமுறையின் விளக்கப்படி குடிசை என்பது ஓலை, மண், பிளாஸ்டிக் விரிப்பு முதலியவற்றால் ஆன, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்த, தற்காலிகமான அமைப்பு. பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும், சுவர் எழுப்பி ஓடோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட வீடு தற்காலிக அமைப்பு அன்று. அதைக் கச்சா வீடு என்றே பதிவு செய்யக் கோர வேண்டும். இரண்டாவது, 'பகுதிச் சேதம்' என்பதற்கும் 'கடுமையான சேதம்' என்பதற்கும் இடையிலுள்ளது. கடுமையான சேதம் முழுச் சேதத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. கூரை விழுந்து, அதைத் தாங்கும் சுவரும் விரிசல் கண்டு, மறுபடி கட்டாமல் குடியிருக்க முடியாத வீடு பகுதிச் சேதம் ஆகாது. ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் அல்லது பொதுப்பணித்துறைப் பொறியாளர் 'குடியிருக்கத் தகுதியற்றது' என எழுதித் தரும் ஒரு வரி இந்த இடத்தில் பெரும் மதிப்புடையது.

பட்டா என்னும் முட்டுக்கட்டை

சேதமடைந்த வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்று மாநில அரசின் தகுதியுள்ள அதிகாரி சான்றளிக்க வேண்டும் என விதிமுறை கூறுகிறது. நம் மக்களில் பலருடைய மனுக்கள் இங்கேதான் நிற்கின்றன. வீட்டுமனை ஒப்படைப்புப் பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். வாய்க்கால் புறம்போக்கில் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பார்கள். கோடகன் கால்வாய், பாளையன் கால்வாய் போன்ற பாசனக் கால்வாய்களின் கரைகளில் பட்டா கேட்டு மனுக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். நிலம் மறுக்கப்பட்டவர்கள் தாழ்வான நிலத்தில் குடியேறினார்கள். அந்தத் தாழ்வான நிலத்தில்தான் வெள்ளம் முதலில் நுழைகிறது. பிறகு நிலம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி நிவாரணமும் மறுக்கப்படுகிறது.

பட்டா ஒன்றே சான்று என்று விதிமுறையில் சொல்லப்படவில்லை. வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, அரசு வீட்டுத் திட்டத்தின் ஒதுக்கீட்டு ஆணை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், பட்டா கோரிய பழைய மனுக்களின் ஒப்புகை ஆகியவற்றை ஒன்றாகக் கோத்து, 'இவ்வீட்டை அரசே வரி பெற்று ஏற்றிருக்கிறது' என்று வாதிடலாம்.

அதே சட்டத்தின் 61-ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், பரம்பரை, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. ஊர்த்தெருவில் பட்டா கேட்கப்படாமலும், நம் தெருவில் கேட்கப்பட்டும் இருந்தால், அந்த ஒப்பீட்டையே 61-ஆம் பிரிவின் கீழ் மனுவாக எழுத வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கிராமம் முழுவதற்குமான சேதக் கணக்கெடுப்புப் பட்டியலைக் கேட்டுப் பெற்றால் இந்த ஒப்பீடு தானே வெளிப்படும்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. பொய் என்று தெரிந்தே நிவாரணம் கோருவது 52-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒரு பொய் மனு ஒரு தெருவின் எல்லா உண்மை மனுக்களையும் கெடுக்கும். உள்ளதை உள்ளபடி முழுமையாக எழுதினாலே போதும்.

ஆய்வுக்கு முன்பும் ஆய்வின்போதும்

நீர் வடிந்தவுடன் மக்கள் முதலில் செய்வது இடிபாட்டை அள்ளிச் சுத்தம் செய்வது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேறு வழியில்லை. அதற்கு முன் கைபேசியில் படம் எடுத்துவிட வேண்டும். தெருவிலிருந்து முழு வீடு, நான்கு மூலைகளிலிருந்தும் உள்பகுதி, உடைந்த உத்திரம், கைமரம், ரீப்பர், ஓடு, சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளம் ஆகியவற்றை எடுங்கள். அடையாளத்தருகே ஒரு அளவு நாடாவைப் பிடித்து எடுத்தால் நீரின் உயரம் சான்றாகிவிடும். படத்தில் வீட்டு உரிமையாளர் நிற்பதும் கதவு எண் தெரிவதும் நல்லது. தார்ப்பாய் போட்டு மூடுவது தவறில்லை. மேலும் சேதமாகாமல் காப்பது உங்கள் கடமையும்கூட. உடைந்த ஓடுகளையும் மரங்களையும் ஆய்வு முடியும்வரை ஓர் ஓரத்தில் குவித்து வையுங்கள்.

ஆய்வுக்கு வருபவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல் ஒரு பக்க மனுவையும் கொடுங்கள். வீட்டின் வகை (ஓட்டு வீடு, ஷீட் வீடு, தள வீடு), நீள அகலம், கட்டிய ஆண்டு, இடிந்த பகுதிகள், நீர் நின்ற நாட்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். 'கூரை' என்ற சொல்லைத் தனியே எழுதாதீர்கள். 'ஓட்டுக்கூரை', 'ஷீட் கூரை', 'கான்கிரீட் தளம்' என்று எழுதுங்கள். சுவர், அஸ்திவாரம், கழிப்பறை ஆகியவற்றையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். அலுவலர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனால், அதையும் நாள், நேரத்தோடு மனுவில் சேர்த்து வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்கக் கூடாது. பட்டியல் தயாரானதும் தன் வீட்டுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்டுப் படிக்க வேண்டும்.

தவறாக எழுதப்பட்டிருந்தால் மறு ஆய்வு கோரி வட்டாட்சியருக்கும், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியருக்கும் மனுக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். இச்சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கைகளைக் கீழமை நீதிமன்றங்கள் விசாரிக்க 71-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசமைப்பின் 226-ஆம் கூறின்படி நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யும் வழி திறந்தே இருக்கிறது. அங்கே கைகொடுப்பவை மேலே சொன்ன படங்களும் ஒப்புகைச் சீட்டுகளுமே.

காப்பீடு: நமக்கு உரியதல்ல என்ற எண்ணம்

வீட்டுக் காப்பீடு வசதி படைத்தவர்க்கானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் வங்கிக் கடனில் வீடு கட்டிய நம் குடும்பங்கள் பலவற்றுக்குக் கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டு ஆவணமும் எடுக்கப்பட்டிருக்கும். பிரீமியமும் பிடித்தம் செய்யப்பட்டிருக்கும். ஆவணம் மட்டும் வங்கிக் கோப்பில் கிடக்கும். கடன் கணக்கு அறிக்கையில் பிரீமியப் பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்து, ஆவணத்தின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். அது கடனாளியின் உயிருக்கான காப்பீடா, வீட்டுக்கான காப்பீடா என்பதையும் பாருங்கள். இரண்டும் வேறு.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், தீயநோக்கோடு செய்யப்படும் சேதம் ஆகியவை இதில் அடங்கும். காப்பீட்டுத் தொகை, வீட்டின் உட்பரப்பை அப்பகுதியின் கட்டுமானச் செலவால் பெருக்கிக் கணக்கிடப்படுகிறது. நிலத்தின் விலை இதில் சேராது. எடுத்துக்காட்டாக, 360 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி ₹1,800 என்று கொண்டால் ₹6,48,000 ஆகும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் அத்தொகையில் 20 விழுக்காடு அளவுக்கு, ₹10 லட்சம் என்ற உச்சவரம்புக்குள், வீட்டுப் பொருட்களும் தாமாகவே சேர்ந்துவிடும். குறைவான தொகைக்குக் காப்பீடு செய்தீர்கள் என்று காரணம் காட்டி இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் பழைய முறை இதில் கைவிடப்பட்டிருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம்.

ஓலை, மூங்கில், தார்ப்பாய் முதலியவற்றால் ஆன வீடுகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் கச்சாக் கட்டுமானம் எனத் தனியாக வகைப்படுத்துகின்றன. விண்ணப்பத்தில் சுவரையும் கூரையையும் உள்ளபடி எழுதாவிட்டால், பிற்பாடு 'உண்மையை மறைத்தார்' என்று கோரிக்கை மறுக்கப்படும். முகவர் நிரப்பிய படிவத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

சர்வேயர் வரும் நாள்

சேதம் தெரிந்தவுடன் நிறுவனத்தின் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தகவல் கொடுத்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கைப் படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுங்கள். ஆணையம் 2024-இல் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைகளின்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதன் பின் 7 நாட்களில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தேவையற்ற ஆவணங்களைக் கேட்டு இழுத்தடிக்கவும் கூடாது.

சர்வேயர் உரிமம் பெற்ற தனி வல்லுநர். சேதம் எதனால் வந்தது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கு அவர் விடை எழுதுவார். கூரைச் சேதத்தில் முதல் கேள்வியே கோரிக்கையைத் தீர்மானிக்கிறது. புயலிலோ வெள்ளத்திலோ கூரை உடைந்தது என்றால் காப்பீட்டில் அடங்கும். நாட்பட்ட கசிவு, பராமரிப்பின்மை, தேய்மானம் என்று எழுதிவிட்டால் அடங்காது. பழைய தளத்தில் ஏற்கெனவே சிறு விரிசல் இருந்திருக்கலாம். அந்த விரிசலும், வெள்ளத்தில் சுவர் இறங்கியதால் விழுந்த பிளவும் வேறு வேறு என்று காட்ட, மழைக்காலத்துக்கு முன் எடுத்த படங்கள் உதவும். வீட்டில் நடந்த ஒரு சடங்கின் புகைப்படத்தில் மேலே தெரியும் தளம்கூடச் சான்றாகும். வருவாய்த்துறை பதிவு செய்யும் அன்றாட மழையளவைத் தகவல் உரிமை மனுவில் கேட்டு இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சேதக் குறிப்பு சரியாக இருந்தால் அதுவும் இங்கே பயன்படும். தவறாக இருந்தால் உங்களுக்கு எதிராகத் திரும்பும். இரண்டு ஆய்வுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இரண்டாவது கேள்விக்கு, உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் எழுதித்தரும் செலவு மதிப்பீட்டை நீங்களே தயாராக வைத்திருங்கள். சர்வேயருடன் கூடவே நடந்து ஒவ்வொரு சேதத்தையும் காட்டுங்கள். அவர் சென்ற அன்றே, 'இன்று இன்னின்ன பகுதிகளைக் காட்டினேன். இன்னின்ன ஆவணங்களைக் கொடுத்தேன்' என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அறிக்கையின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். தேய்மானம் கழிக்கப்பட்டிருந்தால் எந்த விதியின்படி என்று கேளுங்கள். வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் இழப்பீடு வங்கிக்குப் போகக்கூடும். அத்தொகையை வீட்டைச் சீரமைக்க விடுவிக்குமாறு வங்கிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

அரசு நிவாரணம் கருணையின்பாற்பட்ட உதவி. காப்பீடு நீங்கள் பணம் கட்டிய ஒப்பந்தம். ஒன்றை வாங்கியதாலேயே மற்றொன்றுக்கான உரிமை அழிவதில்லை. கேட்கப்பட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுக்கப்பட்டால்

சர்வேயரின் அறிக்கை இறுதிச் சொல் அன்று என்று உச்சநீதிமன்றம் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் (2009) வழக்கில் கூறியிருக்கிறது. முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட ரசீது, மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டது என நிறுவினால் மேற்கொண்டு கோர அது தடையாகாது என்று யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மேர் சிங் காட்டன் (1999) வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. குறைந்த தொகையை வாங்க நேர்ந்தால் உடனே எழுத்துமூலம் எதிர்ப்பைத் தெரிவியுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வில்லை என்றாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, ₹50 லட்சம் வரை அவர் தீர்ப்பு வழங்கலாம், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மாற்றாக, இரண்டாண்டுக்குள் திருநெல்வேலியிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். வெள்ளம் முதலிய பேரிடரில் பாதிக்கப்பட்டோரும் அதே பிரிவில் வருகிறார்கள்.

தீ வைக்கப்பட்ட கூரை

இம்மண்ணில் கூரைகள் மழையால் மட்டும் விழுவதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறையினர் நுழைந்து வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடியதை இந்த வட்டாரம் அறியும். சாதி வன்முறையில் வீடு எரிக்கப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு ஆயுள் தண்டனை விதிக்கிறது. அச்சட்டத்தின் விதிகள், மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து சேதத்தை மதிப்பிட்டுப் பாதிக்கப்பட்டோர் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றும், எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித்தர வேண்டும் என்றும் கூறுகின்றன. இங்கும் ஆய்வு நாளின் பட்டியலில் விடுபட்ட வீடு பின்னால் நுழைவது கடினம்.

கோர வேண்டியது

ஏழைகளின் கூரைக்கு அரசே பிரீமியம் கட்டுவது புதிய கருத்தன்று. 1988-இல் ஒன்றிய அரசு குடிசைக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, தீயில் எரிந்த குடிசைக்கு ₹1,000, பொருட்களுக்கு ₹500 என வைத்து, பிரீமியத்தைத் தானே ஏற்றது. தொகை சிறிது, வெள்ளம் அதில் இல்லை. ஆனால் கோட்பாடு சரியானது. அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளத்தையும் உள்ளடக்கிய காப்பீட்டை அரசே எடுத்து, ஆவணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும் என்று இன்று நாம் கோர வேண்டும். சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் ஒவ்வொரு குடியிருப்பிலும் வெளிப்படையாக ஒட்டப்பட்டு, ஆட்சேபணைக்குக் கால அவகாசம் தரப்பட வேண்டும் என்பதும் அதோடு சேர வேண்டிய கோரிக்கை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, ஒரு கல்லூரி மாணவர் குழு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வீட்டின் கூரையையும் சுவரையும் படமெடுத்து, நீள அகலம் அளந்து, வீட்டுவரி ரசீதின் நகலோடு ஒரு கோப்பில் சேர்த்து வைக்கலாம். முன் சொன்ன அம்மையாருக்காக எழுதிய மறு ஆய்வு மனுவில் வலுவாக நின்றது இரண்டு தாள்கள்தாம்: ஒரு பழைய வீட்டுவரி ரசீது, பேத்தியின் பூப்பு நீராட்டு விழாவில் எடுத்த, பின்னால் ஓட்டுக்கூரை தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படம்.